கலர் கிரேடிங்: நெல்லைப் பக்கம் படம் எடுக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என்று படம் எடுப்பது என் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேருக்கு எடிட்டிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் காலேஜ் பிள்ளைகள் உண்டு, சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருப்பவர் உண்டு, கேமரா இல்லாமல் மொபைலோடு வருகிறவர்களும் உண்டு. எல்லாரும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் நம்ம பக்கத்து வெயிலிலும் நம்ம வீட்டு விளக்கிலும் எடுத்த படங்கள்.

கலர் கரெக்‌ஷன், கலர் கிரேடிங் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. டியூப்லைட்டில் எடுத்த படம் பச்சையடித்துக் கிடக்கும். அந்தப் பச்சையை எடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டையை வெள்ளையாகக் கொண்டுவருவது கரெக்‌ஷன். அதற்கு அப்புறம் 'இது மார்கழி விடியற்காலை, குளிர் தெரிய வேண்டும்' என்று நிழலில் கொஞ்சம் நீலம் ஏற்றுவது கிரேடிங். முன்னது கேமராவின் தவறைத் திருத்துவது. பின்னது நீங்கள் எடுக்கிற முடிவு.

இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் வெளிச்சத்தின் அளவு, பிறகு ஒயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் சமன்), பிறகு கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம்), அதற்குப் பிறகுதான் நிறம். கான்ட்ராஸ்டைக் கூட்டினாலே நிறம் அடர்த்தியாகிவிடும். அதனால் நிறத்தை முதலில் சரிசெய்து வைத்தால் மறுபடியும் அந்த வேலையைச் செய்ய வேண்டிவரும்.

பிரிசெட் வாங்கிப் போட்டால் போதாதா அண்ணாச்சி? எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

பிரிசெட் என்பது யாரோ முன்பே செய்து வைத்த திருத்தங்களின் தொகுப்பு, ஒரே தட்டில் படத்தில் ஏறிவிடும். நானும் போட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணம். அப்போது எல்லாரும் புகழ்ந்த ஒரு பிரிசெட்டை அறுநூறு படத்துக்கும் ஒரே அடியாகப் போட்டு ஆல்பம் அடித்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பெண்ணின் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். ஆல்பத்தைத் திறந்து, முகூர்த்தப் படத்துக்கு மேலேயே கூறைப்புடவையை விரித்து வைத்தார். புடவை நல்ல அரக்கு. படத்தில் அது செங்கல் நிறம். "இந்தப் புடவை எடுக்க நாங்க ஒரு நாள் முழுக்க கடையில உக்காந்திருந்தோம் தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆல்பத்தை என் செலவில் மறுபடியும் அடித்துக் கொடுத்தேன்.

நடந்தது என்னவென்று பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். அந்தப் பிரிசெட்டில் சிவப்பின் ஹ்யூ ஸ்லைடர் (ஒரு நிறத்தைப் பக்கத்து நிறத்தை நோக்கி நகர்த்தும் பட்டை) ஆரஞ்சுப் பக்கம் தள்ளியிருந்தது. பச்சையின் அடர்த்தியை முக்கால்வாசி இறக்கியிருந்தது. வெளிர் சருமம், மேகமூட்டமான வானம், கிரீம் நிற உடை இவற்றுக்காக யாரோ செய்து வைத்தது அது. அந்த இடத்தில் அது அழகாகவே இருந்திருக்கும். நம்ம கல்யாணத்தில் அரக்கும் மாம்பழ மஞ்சளும் வாழைமரப் பச்சையும்தானே நிறைந்திருக்கின்றன? அவற்றைத்தான் அது முதலில் கெடுத்தது.

பிரிசெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்கினால் ஒவ்வொரு ஸ்லைடரும் எங்கே நகர்ந்திருக்கிறது என்று திறந்து பாருங்கள். எதற்காக நகர்ந்திருக்கிறது என்று புரிந்த பிறகு போடுங்கள்.

ஒயிட் பேலன்ஸுக்கு எதைத் தொட்டுக் காட்டுவது? வெள்ளை வேட்டி போதுமா?

வேட்டியை நம்பாதீர்கள். நம்ம வீடுகளில் வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டு அலசுகிறோம். கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளை, கேமராவுக்கு அது இளநீலம். மென்பொருளில் 'இதுதான் வெள்ளை' என்று காட்டும் ஐட்ராப்பரால் அதைத் தொட்டால் மென்பொருள் அந்த நீலத்தைக் கழிக்கப் பார்க்கும். படம் முழுக்க மஞ்சளடித்துவிடும். மாப்பிள்ளையின் முகம் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிடும்.

கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) ஒன்று வாங்கி கேமரா பையில் வையுங்கள். மண்டபத்துக்குள் போனதும் மணமேடையில் அதை வைத்து ஒரு படம், வெளியே பந்தலில் ஒரு படம். அது இல்லாத நாளில் கோயில் என்றால் எண்ணெய் படாத கருங்கல் தூணைத் தொட்டுப் பார்ப்பேன். நெற்றியில் கனமாக இட்ட திருநீறும் பல சமயம் கைகொடுக்கும். மெல்லியதாகப் பூசியிருந்தால் தோலின் நிறம் கலந்துவிடும், அதைத் தொடக்கூடாது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மெழுகுவத்தி வெளிச்சம் 2000 கெல்வினுக்குப் பக்கம், மதிய வெயில் 5500, நிழல் 7000-க்கு மேல். கெல்வின் கூடக் கூட வெளிச்சம் நீலமாகும். ஆனால் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமில் அதே எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறதே என்று கேட்பார்கள். அந்த ஸ்லைடரில் நீங்கள் சொல்வது 'அங்கே இருந்த வெளிச்சம் இவ்வளவு' என்பதை. 7500 என்று சொன்னால், 'ஓகோ, அங்கே நீலம் அதிகம் இருந்திருக்கிறது' என்று புரிந்துகொண்டு அது மஞ்சளைச் சேர்த்துச் சமன் செய்கிறது.

ரா ஃபைலில்தான் எடுக்க வேண்டுமா?

கிரேடிங் செய்வதாக இருந்தால் ஆமாம். கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருப்பது ரா, அதைச் சுருக்கிச் சேமிப்பது ஜேபெக். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிகள். உவரி கடற்கரையில் சாயங்கால வானத்தை ஜேபெக்கில் எடுத்து ஆரஞ்சை இழுத்துப் பாருங்கள், வானம் பட்டை பட்டையாக உடைந்துவிடும். ஜேபெக்தான் இருக்கிறது என்றால் சின்னத் திருத்தங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயல் படம் எடுத்தால் பச்சை ஒன்று ரேடியம் மாதிரி அடிக்கிறது, இல்லையென்றால் காய்ந்து தெரிகிறது. என்ன செய்வது?

இது ஒரு விஷயம் தெரிந்தால் பாதி தீர்ந்துவிடும். கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் நெற்பயிர், மென்பொருளின் கணக்கில் பெரும்பாலும் மஞ்சள். பச்சை ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும் வயல் அசையாது. மஞ்சள் ஸ்லைடரைத் தொட்டதும் முழு வயலும் நகரும். அதனால் மஞ்சளில் தொடங்குங்கள். அதன் ஹ்யூவைப் பச்சைப் பக்கம் பத்துப் பதினைந்து, அடர்த்தியைக் கொஞ்சம் கீழே, பிரகாசத்தையும் கொஞ்சம் கீழே. பிறகு பச்சையை அதோடு ஒத்துப்போகச் செய்யுங்கள்.

வயல் எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பிசான நெல் பருவத்தில் நாற்றங்கால் கிளிப்பச்சை. நட்டு ஒரு மாதம் போய்த் தூர் கட்டும்போது கரும்பச்சை. பால் பிடிக்கும்போது மேலே ஒரு வெளிறல் வரும். பிறகு பொன். இந்த நான்கையும் ஒரே ஆலிவ் பச்சையாக அடித்து வைத்தால் பார்க்கிறவருக்கு அது வயல் என்பது மட்டும்தான் தெரியும். விவசாயி ஒருவர் பார்த்தால் பயிருக்குத் தண்ணீர் காட்டவில்லையா என்றுதான் கேட்பார். என் வகுப்பில் வயல் படம் கொண்டுவருகிறவர்களிடம் முதலில் நட்டு எத்தனை நாள் என்று கேட்பேன். தெரியவில்லை என்றால் வரப்பில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்வேன்.

டீல் அண்ட் ஆரஞ்ச் போட்டால் நம்ம ஆட்கள் முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி ஆகிறதே, ஏன்?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான்.

டீல் அண்ட் ஆரஞ்ச் என்பது நிழலில் நீலப்பச்சையையும் வெளிச்சப் பகுதியில் ஆரஞ்சையும் ஏற்றுவது. இரண்டும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பவை. அதனால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். மனிதத் தோல், யாருடையதாக இருந்தாலும், ஆரஞ்சுக்குப் பக்கத்தில்தான் விழுகிறது. வீடியோ எடிட்டிங்கில் பயன்படும் வெக்டர்ஸ்கோப்பில் ஸ்கின் டோனுக்கு ஒரே ஒரு கோடுதான் போட்டிருப்பார்கள். வெளிர் முகமும் கறுத்த முகமும் அந்தக் கோட்டை ஒட்டியேதான் வரும். பெரிய வித்தியாசம் பிரகாசத்தில்தான்.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. வெளிர் முகம் பிரகாசத்தின் மேல் பகுதியில் இருப்பதால் ஆரஞ்சு அதில் ஏறும், டீல் பின்னணியோடு நின்றுவிடும். நம்ம மாநிறமும் கறுப்பும் மிட்டோன் என்ற நடு வெளிச்சத்துக்குக் கீழே, ஷேடோ என்ற நிழல் பகுதியைத் தொட்டுக்கொண்டு இருக்கின்றன. ஷேடோவில் ஏற்றும் டீல் நேராகக் கன்னத்துக்குள் போகிறது. ஆரஞ்சும் நீலப்பச்சையும் கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று கொன்று சாம்பலாகும். முகத்தில் உயிர் போவது இதனால்தான்.

உடனே பலர் செய்வது, ஆரஞ்சின் பிரகாசத்தை ஏற்றி முகத்தை வெளுக்க வைப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கறுத்த தோலில் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒரு மினுக்கம் இருக்கும். அந்த முகத்தின் வடிவத்தை அதுதான் காட்டுகிறது. ஆரஞ்சை ஏற்றினால் அந்த மினுக்கமும் சுற்றியுள்ள தோலும் ஒரே தட்டையாகி மாவு பூசிய மாதிரி ஆகிவிடும். அதற்குமேல், அந்தப் பெண் அந்த நிறத்தில் பிறந்து வளர்ந்து அன்று மணமேடையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வேறு ஒருத்தியாக மாற்றிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. 'கொஞ்சம் கலராக்கித் தாங்க' என்று வீட்டார் கேட்பார்கள். நான் ஒரு படத்தை இரண்டு விதமாகச் செய்து பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். பெரும்பாலும் உண்மை நிறத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

செய்ய வேண்டியது இது. முகம் இருட்டாக இருந்தால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (திருத்தம் அந்த இடத்தில் மட்டும் விழும்படி தேர்ந்தெடுத்து) எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, 0.3, 0.4 என்று ஏற்றுங்கள். ஷேடோவில் டீலின் அடர்த்தியை ஐந்துக்கு மேல் விடாதீர்கள். பேலன்ஸ் ஸ்லைடரை ஹைலைட் (வெளிச்சப் பகுதி) பக்கம் தள்ளினால் ஷேடோ நிறம் அடி இருட்டோடு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியாகக் கன்னத்தில் கர்சரை வைத்து எண்களைப் பாருங்கள். சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு என்று இறங்குவரிசையில் இருக்க வேண்டும். நீலம் பச்சையைத் தாண்டியிருந்தால் டீல் உள்ளே வந்திருக்கிறது, அல்லது ஏதோ விளக்கு அங்கே விழுந்திருக்கிறது.

லைட்ரூமில் கிரேடிங்குக்கு இருக்கும் அந்த மூன்று நிறச் சக்கரத்தை எப்படித்தான் பயன்படுத்துவது? ஒரு படத்தை வைத்துச் சொல்லுங்கள்.

லைட்ரூமில் 2020 அக்டோபர் வரை 'ஸ்ப்ளிட் டோனிங்' என்று ஷேடோவுக்கும் ஹைலைட்டுக்கும் மட்டும் நிறம் ஏற்றும் வசதி இருந்தது. அதன் வேர் இருட்டறையில் பிரிண்டை ரசாயனத்தில் முக்கி டோன் ஏற்றிய காலத்தில் இருக்கிறது. இப்போது ஷேடோ, மிட்டோன், ஹைலைட் என்று மூன்று சக்கரங்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொன்று.

பத்தமடையில் வயதான ஓர் அம்மா கோரைப்பாய் நெய்வதை எடுத்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் வாசல், அங்கிருந்துதான் வெளிச்சம். சுவரில் நீலச் சுண்ணாம்பு. பாயின் நடுவே அரக்குப் பட்டை. ஒயிட் பேலன்ஸை 5900-ல் நிறுத்தினேன். கோரை வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் கை எடுத்துவிட்டேன், ஏனென்றால் நேரில் அது அப்படித்தான் இருந்தது.

வாசல் வெளிச்சத்தின் இளஞ்சூடு தெரிய வேண்டும் என்பதுதான் நான் நினைத்தது. ஹைலைட் சக்கரத்தில் ஹ்யூ 42 (ஆரஞ்சு மஞ்சள்), அடர்த்தி 10. ஹ்யூவைத் தேர்ந்தெடுக்கும்போது அடர்த்தியை முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டு இறக்குவேன். பத்தில் வைத்துக்கொண்டு தேடினால் எது சரி என்று தெரியாது. ஷேடோவில் 215 (நீலம்), அடர்த்தி 6. மிட்டோனைத் தொடவில்லை. தோலும் கோரையும் அங்கேதான் இருக்கின்றன, அவை தாமாகவே நன்றாக இருந்தன.

அதற்குப் பிறகு பார்த்தால் நீலச் சுவர் சத்தம் போட்டது. கண் கைவிரலுக்குப் போகாமல் சுவருக்குப் போனது. நீலத்தின் அடர்த்தியை 20 இறக்கி, பிரகாசத்தையும் கொஞ்சம் இறக்கினேன். சுவர் பின்வாங்கிவிட்டது. அப்போதுதான் அந்த அம்மாவின் வலக்கன்னம் கத்தரிப்பூ நிறம் அடித்திருப்பது தெரிந்தது. சுவரின் நீலம் பட்டுத் திரும்பியதோடு ஷேடோவில் நான் ஏற்றிய நீலமும் சேர்ந்துவிட்டது. அந்தக் கன்னத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுக் கொஞ்சம் மஞ்சள் சேர்த்தேன். முழு வேலையும் இருபது நிமிடம். அதில் பாதி நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூந்தன்குளம் பறவைப் படங்களுக்கும் இதே முறைதானா?

ஹைலைட்டில் மட்டும் கவனம். சங்குவளை நாரையின் வாலுக்குப் பக்கத்துச் சிறகில் ஒரு ரோஸ் நிறம் இருக்கும். ஹைலைட்டில் மஞ்சள் ஏற்றினால் அது மங்கி வெறும் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். பறவைக்குக் கரெக்‌ஷனோடு நிறுத்துங்கள், தண்ணீரிலும் வானத்திலும் கிரேடிங் செய்யுங்கள்.

தேரி மணல் படத்தில் மணல் வரிகளே தெரியவில்லை. ஒரே சிவப்புக் குழம்பாக இருக்கிறது.

இட்டமொழித் தேரியோ குதிரைமொழித் தேரியோ, அந்தச் செம்மணல் மேட்டின் சிவப்பு இரும்பு ஆக்சைடால் வருவது. சாயங்கால வெயில் அதன் மேல் விழுந்தால் சிவப்பு சேனல் மட்டும் உச்ச எண்ணான 255-ஐ முட்டிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) 'எல்லாம் சரி' என்று காட்டும். சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்தால்தான் வலது ஓரத்தில் மோதி நிற்பது தெரியும். அப்படி மோதிய இடத்தில் மேடும் பள்ளமும் ஒரே எண் ஆகிவிடுவதால் வரிகள் மறைகின்றன.

எடுக்கும்போதே மூன்று நிறத்துக்கும் தனித்தனி ஹிஸ்டோகிராம் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள். எடிட்டிங்கில் சிவப்பு, ஆரஞ்சு இரண்டின் அடர்த்தியையும் பிரகாசத்தையும் இறக்குங்கள். ரா ஃபைலாக இருந்தால் வரிகள் எழுந்து வருவது கண்முன்னே தெரியும். அடர்த்தியைக் குறைத்தால் சிவப்பு போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். வானத்தின் நீலத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினால் மணல் தானாகவே இன்னும் சிவந்து தெரியும்.

கொடை விழாவில் ராத்திரி எடுத்த படங்கள் எல்லாம் கலர் குழம்பிக் கிடக்கின்றன.

சுடலைமாடன் கோயில் கொடையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் டியூப்லைட், ஒரு பக்கம் எல்இடி சீரியல் செட், நடுவில் தீப்பந்தம். மூன்றும் மூன்று வெளிச்சம். மூன்றையும் ஒரே ஒயிட் பேலன்ஸில் அடக்க முடியாது. எது முக்கியம் என்று முடிவு செய்யுங்கள். நான் தீயை ஆரஞ்சாகவே விட்டுவிடுவேன். 3200 பக்கம் வைத்தால் தீயின் சூடும் இருக்கும், முகமும் தேறும். டியூப்லைட்டின் பச்சைக்கு டின்ட் ஸ்லைடரை மெஜந்தா பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள்.

முழுக்க நீல எல்இடி மட்டும் விழுந்த முகத்தில் சிவப்புத் தகவலே இருக்காது. இல்லாததை எந்த ஸ்லைடரும் கொண்டுவராது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடுங்கள், மகுடம் என்ற தோல்கருவியை அடிக்கும் கணியான் கலைஞர்கள் கறுப்பு வெள்ளையில் கம்பீரமாகவே இருப்பார்கள். படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது நிறக் கோளாறு இல்லை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது; ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள்.

பந்தல் துணியின் நிறம் எல்லார் முகத்திலும் அடித்துவிட்டது. திருத்த முடியுமா?

முடியும், ஆனால் முழுப் படத்தின் ஒயிட் பேலன்ஸை மாற்றித் திருத்தாதீர்கள். மஞ்சள் துணிக்குக் கீழே நிற்பவருக்கு மஞ்சள், இரண்டடி தள்ளி சிவப்புப் பட்டைக்குக் கீழே நிற்பவருக்கு சிவப்பு. ஆளுக்கொரு மாஸ்க் போட வேண்டும். மெனக்கெட்ட வேலைதான். முடிந்தால் குரூப் போட்டோவைப் பந்தலுக்கு வெளியே வேப்பமர நிழலில் எடுத்துவிடுங்கள்.

லைட்ரூமுக்குக் காசு கட்ட முடியாது. இலவசமாக என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டர் இருந்தால் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் முழுக்க இலவசம், ரா ஃபைலையும் திறக்கும். டார்க்டேபிளில் 'கலர் பேலன்ஸ் ஆர்ஜிபி' என்ற பகுதிதான் நமக்கு வேண்டியது. முதல் வாரம் தலை சுற்றும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொபைல் மட்டும் என்றால் ஸ்னாப்சீட் போதும். அதில் சக்கரம் இல்லையே என்றால், கர்வ்ஸ் (வளைத்துத் திருத்தும் கோடு) இருக்கிறது. நீலத்தின் கோட்டை எடுத்து, இடது அடிமுனையைத் துளி மேலே தூக்குங்கள்: நிழலில் நீலம் ஏறும். வலது மேல்முனையைத் துளி கீழே இறக்குங்கள்: வெளிச்சத்தில் மஞ்சள் ஏறும். சக்கரம் செய்கிற வேலையின் பெரும்பகுதி இதுவே.

என் போனில் நன்றாக இருக்கிறது, பிரிண்ட் போட்டால் வேறு மாதிரி வருகிறதே?

போனின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' என்று மாற்றுங்கள். ராத்திரியில் திரையை மஞ்சளாக்கும் வசதியை அணைத்துவிட்டு எடிட் செய்யுங்கள். பிரைட்னஸை முழுக்க வைத்து எடிட் செய்தால் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும், காகிதத்துக்குத் திரை மாதிரி சொந்த வெளிச்சம் கிடையாது. லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் அனுப்புங்கள். 12க்கு 36 ஷீட் முழுக்கப் போடும் முன்னால் ஒரே ஒரு சின்னப் பிரிண்ட் போட்டு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள். புடவையோ ஒரு துண்டுத் துணியோ கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

கற்றுக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும்? எங்கே தொடங்கட்டும்?

கருவி பிடிபட ஒரு மாதம் போதும். கண் பிடிபடத்தான் நாளாகும். நிறங்களுக்குப் பெயர் தெரிந்தவர்களுக்கு அது சீக்கிரம் வருகிறது என்பது என் அனுபவம். ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் வகுப்புக்கு வந்தாள். வாடாமல்லிக்கும் கத்தரிப்பூவுக்கும், கிளிப்பச்சைக்கும் இலைப்பச்சைக்கும், மயில்கழுத்துக்கும் எம்.எஸ். நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு முன்பே தெரியும். மற்றவர்கள் மூன்று மாதத்தில் பிடித்ததை அவள் மூன்று வாரத்தில் பிடித்தாள்.

தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைக்குப் போங்கள். ஆற்றுக்குள் இருக்கும் முருகன் கோயிலைப் பார்த்தபடி ஒரே இடத்தில் நின்று, காலை ஆறரைக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டுக்கு ஒன்று, சாயங்காலம் ஆறுக்கு ஒன்று எடுங்கள். ஒவ்வொரு தடவையும் எடுத்ததும் கேமராத் திரையைப் பார்க்காமல் நோட்டில் எழுதுங்கள்: தண்ணீர் என்ன நிறம், கல் மண்டபம் என்ன நிறம், படித்துறையில் துவைக்கும் துணி என்ன நிறம், குளிக்கிறவரின் தோளில் வெயில் பட்ட இடம் என்ன நிறம். வீட்டுக்கு வந்து நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்யுங்கள். அடுத்த ஞாயிறு மூன்று படங்களையும் நோட்டையும் கொண்டுவாருங்கள், முதலில் நோட்டைத்தான் பார்ப்பேன்.